இரும்புப் பாலத்தில் ஏறியவன்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. டயகமப் பக்கம், தேயிலைக்கு நடுவே போகிற தனி ரோடு. மழை விட்டிருந்தது... பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை.

முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். மெழுகுதிரி ஒன்றுதான் மிச்சம், அதுவும் அணைந்தால் இருட்டில்தான் கதை. கரண்ட் இப்போதைக்கு வரப்போவதில்லை. கஜேந்திரன் அண்ணே, நீங்கள் வெளிச்சத்துக்கு வாருங்கள். உங்கள் மச்சான் தரணிதரனுக்கு நடந்தது இது. தப்பாகச் சொன்னால் திருத்துங்கள், நடுவில் எழுந்து மட்டும் போகாதீர்கள்.

தரணிதரனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயது முப்பத்துநாலு, ஆட்டோ ஓட்டுகிறவன். கஜேந்திரன் அண்ணனின் தங்கச்சி நிலக்ஷியைக் கட்டியவன். பேயாவது மண்ணாங்கட்டியாவது என்று வாய் கிழியப் பேசித் திரிந்த ஆள். இப்போது பேசமாட்டான்.

அன்றைக்கு டயகமவில் ஒரு டீச்சரம்மாவை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பினான். பழைய இரும்புப் பாலம் வந்தது. பாலத்து முனையில் ஒரு பள்ளம். அதற்காக வேகத்தைக் குறைத்தான். அவ்வளவுதான்... வண்டியின் பின்பக்கம் அமுங்கியது.

ஆட்டோக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆள் ஏறினால் ஸ்பிரிங் ஒரு சத்தம் போடும். அதை வைத்தே ஏறியது பெரியவரா பிள்ளையா என்று சொல்லிவிடுவான். ஏறியது ஒற்றை ஆள். ஐம்பத்தைந்து, அறுபது கிலோ இருக்கும். கண்ணாடியில் பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை.

மனப்பிரமை என்றுதான் நினைத்தான். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் அடுத்த ஏற்றத்தில் வண்டி முக்கியது. வெறும் வண்டி அந்த ஏற்றத்தில் ஓடிப்போகும். அன்றைக்குக் கியரைக் குறைத்துத்தான் ஏற்ற முடிந்தது.

அப்புறம் முதல் வளைவு. இடது பக்கம் திருப்பினான். பின்சீட்டில் என்னவோ சறுக்கிப் போய் வலது பக்கத் தகரத்தில் மோதியது. தொப்... அடுத்த வளைவு வலது பக்கம். திரும்பவும் சறுக்கியது. இடது பக்கத் தகரத்தில்... தொப்.

ஆட்டோவில் ஏறுகிறவன் முதலில் என்ன செய்வான்? குறுக்கே இருக்கிற கம்பியைப் பிடிப்பான். குடித்துவிட்டு ஏறுகிறவன்கூட அதைத்தான் தேடுவான். இது எதையும் பிடிக்கவில்லை. நம் ரோட்டில் வளைவுக்கா பஞ்சம். பாலத்திலிருந்து நம் லயத்து வீடுகளுக்குப் பதினேழு வளைவு. பதினேழிலும் தொப்... தொப்... இறக்கத்தில் பிரேக் போட்டபோது, ஈரமான நெற்றி ஒன்று அவனுடைய முதுகில் வந்து சாய்ந்தது.

கூடவே நாற்றம். பாசி பிடித்த தண்ணீர் நாற்றம், அதற்குள் பினாயில். பொலிஸ் கூண்டைக் கழுவி ஊற்றுகிற பினாயில். அந்த நாற்றத்தை அவன் பதினொரு நாளைக்கு முன்னால் இதே வண்டிக்குள் மோந்திருந்தான். வந்திருப்பது யார் என்று தெரிந்துபோயிற்று.

அழகுமுத்து. இருபத்தாறு வயது. மேல் லயத்து ராக்காயி அக்காவின் ஒரே பிள்ளை. யாரோ முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. யார் எடுத்தார்களோ, பொலிஸ் வந்து இவனை அள்ளிக்கொண்டு போனது. எந்தப் பொலிஸ் என்று கேட்காதீர்கள். நமக்கெல்லாம் வாய் இருக்கிறது, வாய்க்குக் கீழே கழுத்தும் இருக்கிறது.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சார்ஜன்ட் தரணிதரனுக்குப் போன் போட்டார். ஜீப் பழுதாம். மோட்டாரை ஒளித்த இடத்தைப் பையன் காட்டுகிறானாம், ஆட்டோவைக் கொண்டு வா என்றார். பொலிஸ் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? போனான்.

பின்சீட்டில் மூன்று பேர். இந்தப் பக்கம் சார்ஜன்ட், அந்தப் பக்கம் கான்ஸ்டபிள், நடுவில் அழகுமுத்து. கை இரண்டும் பின்னால் வைத்து விலங்கு. அதனால் அவனுக்குச் சாயவும் முடியவில்லை, கம்பியைப் பிடிக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு பேர் மேலும் மாறி மாறி விழுந்தான். அதற்கும் அடி வாங்கினான். நெருக்கத்தில் சார்ஜன்டின் சாவிக்கொத்து இடுப்பில் குத்தியது போலிருக்கிறது. அதை எடுத்து, முன்னால் எட்டி, தரணிதரனுக்கு எதிரே இருக்கிற தட்டில் போட்டார். விலங்குச் சாவியும் அந்தக் கொத்தில்தான்.

இந்தச் சாவியை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குள்தான் ஒரு மனுஷனுடைய மானமும் இன்னொரு மனுஷனுடைய உயிரும் கிடந்தன.

இரும்புப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார்கள். எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். இறங்கும்போது சார்ஜன்ட் சொன்னது ஒன்றுதான்.

"பஸ்ஸ பலன்ன எபா."

பின்னால் பார்க்காதே என்று அர்த்தம். தரணிதரன் பார்க்கவில்லை. தட்டில் கிடந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்துப் பலகையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு அறை... இன்னொன்று. அப்புறம் அழகுமுத்துவின் குரல்.

"தரணி அண்ணே... அம்மாகிட்ட சொல்லிருங்கண்ணே."

தண்ணீரில் என்னவோ விழுந்தது. பெரிய மழை பெய்திருந்த நேரம், ஓயா ஆறு பெருகி ஓடியது. தள்ளினார்களா, தடுக்கி விழுந்தானா, அது தரணிதரனுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தண்ணீரில் விழுகிறவன் கையால் அடிப்பான், நீந்தத் தெரியாதவன்தான் இன்னும் அதிகமாக அடிப்பான். கை அடிக்கிற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சார்ஜன்ட் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து தட்டிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

"அவங் ஓடினது. நீங்க கண்டது தானே?" என்றார்.

தரணிதரன் தலையை ஆட்டினான். அந்த ஒரு ஆட்டல்தான் அவன் செய்த பாவம். அன்றைக்கே ஐந்து பக்கம் சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள். அவனுக்குச் சிங்களம் கடகடவென்று பேச வரும், ஒரு எழுத்து வாசிக்க வராது. நம்மில் எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கப் பயம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அதில் என்ன இருந்தது என்று இரண்டு நாள் கழித்துப் பேப்பர் பார்த்துத்தான் தெரியும். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அழகுமுத்து கேட்டதால் விலங்கைக் கழற்றினார்களாம். அவன் கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு ஓடி, ஆற்றில் குதித்தானாம். ஆட்டோ சாரதி கண்ணால் கண்ட சாட்சியாம்.

விலங்கைக் கழற்றினார்களாம். எந்தச் சாவியால்?

பேப்பர் வந்த அன்றைக்குத்தான் பிணமும் கிடைத்தது. பொலிஸ்தான் முதலில் கண்டுபிடித்து எடுத்தது. ஊர்ச்சனம் பார்க்கும்போது கையில் விலங்கு இல்லை. பெட்டியை மூடி, ஆணி அடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது, தப்பு மேளம் அடிக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

நம் சனத்தில் செத்தவர்களுக்குக் கைக்கட்டு, கால்கட்டு போடுவோம். குழியில் இறக்கும் முன்னால் அதை அவிழ்த்துவிடுவோம். கட்டோடு அனுப்பினால் போகிற உயிர் போகாது. ராக்காயி அக்கா பொலிஸ்காரன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஒரு தடவ தொறங்கய்யா. கட்ட மட்டும் அவுத்துக்கிறேன். மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டேன்யா."

திறக்கவில்லை. பாறாங்கல்லுக்குக்கூட ஈரம் கசியும், அவர்களுக்குக் கசியவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

எட்டாம் நாள் ராக்காயி அக்கா தரணிதரனின் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. கொழுந்துக்கூடை தலையில் மாட்டியபடியே நின்றாள்.

"நீதானேய்யா ஓட்டிக்கிட்டுப் போன. ஒண்ணே ஒண்ணு சொல்லு சாமி. எம்புள்ள ஓடுனானா?"

"நா முன்னால பாத்துக்கிட்டு இருந்தேங்க அக்கா."

"ஊரே கள்ளன்னு சொல்லுதுய்யா. கள்ளன் இல்லாட்டி ஏன் ஓடுனான்னு கேக்குறாங்க. ஓடலன்னு ஒரு ஆளு சொன்னாப் போதும், நா கண்ண மூடிருவேன்."

அவன் துணியை எடுத்து ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் விட்டு அடுத்த வியாழக்கிழமை கோர்ட்டில் மரண விசாரணை. ராக்காயி அக்காவுக்காக ஹட்டனிலிருந்து பிரேமினி என்று ஒரு சட்டத்தரணி அம்மா காசு வாங்காமல் ஆஜராகிறாள். அவளும் தரணிதரனுக்குப் போன் எடுத்தாள். தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றாள். பொலிஸும் சும்மா இருக்கவில்லை. சார்ஜன்ட் ஆட்டோ நிறுத்தும் இடத்துக்கே வந்து, அவன் தோளில் கை போட்டுச் சிரித்தார்.

"பொஞ்சாதிக்கு ஏழு மாசம் தானே? கிளினிக் போறது செவ்வாக்கெழம தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதை மிரட்டல் என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா? நலம் விசாரித்தார் என்பார்கள். சொன்னால் பெண்டாட்டியும் பிள்ளையும்; சொல்லாவிட்டால் அந்தத் தாய். மனுஷன் சோறு தின்ன முடியாமல் அலைந்தான். அந்த நிலைமையில்தான் பதினோராம் நாள் பாலத்தில் அது ஏறியது.

மறுநாள் சாயங்காலமும் ஏறியது. சாயங்காலம் போகாமல் பகலில் போனான். பகலிலும் ஏறியது. அந்த ரோட்டை விட்டால் அவன் லயத்துக்குப் போக வேறு ரோடு கிடையாது. வண்டியில் தேசிக்காய், மிளகாய் கட்டிப் பார்த்தான். விபூதி போட்டுப் பார்த்தான். வண்டியைக் கழுவு கழுவென்று கழுவினான், பினாயில் மட்டும் போகவில்லை. இரவில் வாசலில் நிறுத்திவைத்த வண்டி தன்பாட்டில் ஆடும். இந்தப் பக்கம் தொப்... அந்தப் பக்கம் தொப்... நிலக்ஷி காற்று என்று நினைத்துக்கொண்டு தூங்குவாள்.

கடைசியில் பூசாரி மாயாண்டியைக் கூட்டிக்கொண்டு புதைகுழிக்குப் போனான். கைக்கட்டு அவிழ்க்காததுதான் குறை என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டு, குழிமேட்டில் வைத்து, அழகுமுத்து பேரைச் சொல்லி மாயாண்டி முடிச்சை அவிழ்த்தார். தேங்காய் உடைத்தார்கள். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

"இனி வரமாட்டான்ப்பா. நிம்மதியாப் போ" என்றார் மாயாண்டி.

நம் ஆட்களுக்கு இதுதான் வழக்கம். கோர்ட்டில் சொல்ல வேண்டியதைக் கோயிலில் சொல்லிவிட்டு, தீர்ந்தது என்று திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுவோம். அவன் என்ன துணிமுடிச்சாலா கட்டுப்பட்டுக் கிடந்தான்?

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை. சார்ஜன்ட் சொன்னதை நினைத்து, நிலக்ஷியைப் பஸ்ஸில் விடாமல் தானே கிளினிக்குக் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது மத்தியானம் பன்னிரண்டு, நல்ல மழை. பாலம் வந்தது. பின்பக்கம் அமுங்கவில்லை. மாயாண்டி கெட்டிக்காரர்தான் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டான். முதல் வளைவைத் திருப்பினான்.

தொப்.

"என்னாங்க... வண்டிய நிப்பாட்டுங்க. என் கை வரமாட்டேங்குது."

நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தான். நிலக்ஷியின் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், மணிக்கட்டு மேல் மணிக்கட்டு. யாரும் பிடித்திருக்கவில்லை, எதுவும் கட்டியிருக்கவில்லை. இழுத்தான். இரும்பைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. கை பனிக்கட்டியாகக் குளிர்ந்து கிடந்தது. ஏழு மாச வயிறு. பிடிமானம் இல்லாத உடம்பு முன்னால் சரிந்துகொண்டே வந்தது. அவன் ஒரு கையால் அவள் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் இழுத்துப் பார்த்தான். ரோட்டில் ஒரு சனம் கிடையாது. வண்டிக்குள் பினாயில் நாற்றம் கண்ணை எரித்தது.

"வலிக்குதுங்க... வயிறு இழுக்குதுங்க" என்று அவள் அழத் தொடங்கினாள்.

தரணிதரன் அந்த மழையில் ரோட்டிலேயே முட்டி போட்டான். பெண்டாட்டியைப் பார்த்துப் பேசவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்துப் பேசினான்.

"சாவி என் முன்னாலதான் கெடந்துச்சு. வெலங்க யாருமே கழட்டல. நீ ஓடல தம்பி. ஓடல. கை அடிக்கிற சத்தமே கேக்கல... நா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பயந்துட்டேன்டா தம்பி. அவள விட்ருடா."

க்ளிக் என்று ஒரு சத்தம். நிலக்ஷியின் கை இரண்டும் முன்னால் வந்து மடியில் விழுந்தன.

மணிக்கட்டு இரண்டிலும் சிவப்பாக வளையம் பதிந்திருந்தது. கஜேந்திரன் அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் போய்த் தன் கண்ணால் பார்த்தார். அவர் முகத்தைப் பாருங்கள், தெரியும். நிலக்ஷி வீட்டுக்கு வந்து, முழுக்கதையையும் கேட்டு, புருஷனிடம் சொன்னது ஒரே பேச்சுதான்.

"ஏங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது. சொல்ல வேண்டிய எடத்துல போயிச் சொல்லுங்க. நா அண்ணன் வீட்டுல இருந்துக்கிறேன்."

வியாழக்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறினான். சார்ஜன்ட் முன்வரிசையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தரணிதரன் கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிரேமினி அம்மா கேட்டாள்: விலங்குச் சாவி எங்கே இருந்தது? அவன் சொன்னான். வண்டியைப் பாலத்தில் நிறுத்தியதிலிருந்து சார்ஜன்ட் திரும்பி வந்து எடுக்கிற வரைக்கும் தன் எதிரே தட்டில் இருந்தது என்று சொன்னான். தமிழில் சொன்னான். அதைச் சிங்களத்தில் மாற்றி எழுதி, திரும்பவும் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கேட்டு, சரி பார்த்து, கையெழுத்துப் போட்டான்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று நீதவான் கேட்டார்.

"பயங்க" என்றான்.

பின்னால் ராக்காயி அக்கா பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழக் கூடாத இடம் அது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, ஓடல, எம்புள்ள ஓடல என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெட்டியைத் தோண்டி எடுக்க உத்தரவு வந்தது. அடுத்த வாரம் எடுத்தார்கள். டாக்டர்மார் பார்த்து முடிந்த பிறகு ராக்காயி அக்காவைக் கிட்டே விட்டார்கள். கைக்கட்டை அவளே அவிழ்த்தாள். அப்புறம் அவனை அடக்கம் செய்தார்கள், தப்படித்து, ஊரே கூடி. சார்ஜன்டை என்ன செய்தார்கள் என்கிறீர்களா? வேறு ஊருக்கு மாற்றினார்கள். வழக்குக்குத் தவணை போட்டார்கள், இன்னும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதற்கு நீதி என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அடக்கம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் தரணிதரன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். இரும்புப் பாலம் வந்தது. வேகத்தைக் குறைத்தான்... மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் ஏறவில்லை. ஏற்றத்தில் வண்டி பூப்போல ஏறியது. முதல் வளைவில் சத்தம் இல்லை. இரண்டாவதில் இல்லை. வண்டிக்குள் மழை வாசமும் பச்சைத் தேயிலை வாசமும் மட்டும்தான். ஓட்டிக்கொண்டே அழுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுதான்.

ஆறாவது வளைவு தாண்டியது. ஏழாவது வளைவு. அங்கே பாலமும் இல்லை, ஆறும் இல்லை. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அந்த இடத்தில் அவன் ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை.

பின்பக்கம் அமுங்கியது.

அழகுமுத்துவின் பாரம் இல்லை அது. கனத்த ஆள். பினாயில் நாற்றம் குப்பென்று வந்தது, இது பழைய பினாயில், துருப்பிடித்த வாடையோடு. காதுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டே, வயதான ஒரு ஆளின் குரல் கேட்டது. சிங்களத்தில்.

"மல்லி... மகே எகத் கியன்ன."

தம்பி, என்னுடையதையும் சொல்லு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கை தன்பாட்டில் வண்டியை வளைவில் திருப்பியது. லைட் வெளிச்சம் தேயிலையைத் தடவிக்கொண்டு போய் நேர் ரோட்டில் விழுந்தது. ரோட்டோரம் நெடுக ஆட்கள் நின்றார்கள், கடைசி பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி வரிசையாக, வெளிச்சம் எட்டுகிற தூரம் வரைக்கும். ஆணும் பெண்ணும். சாரம் கட்டினவர்கள், பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒருத்தன். எல்லாருக்கும் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். எல்லாரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தச் சொல்லி ஒருவரும் கை காட்டவில்லை.